எடை கூடவில்லை, வயிறு மட்டும் தள்ளுகிறதே?

கேள்வி: அண்ணனுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. எடை அதே 70 கிலோ, ஆனால் வயிறு தள்ளுகிறது, கைகால் மெலிகிறது. ரத்தக்குழாய் விறைப்பாக இருக்கிறது என்கிறார் டாக்டர். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: உண்டு அம்மா. தராசு கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசொலோன் பசியைக் கிளப்பும், வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும், தசையையும் கரைக்கும். சிறுநீரகம் கெட்டிருந்த காலத்திலேயே சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்ட ரத்தக்குழாயை அந்தக் கொழுப்பும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து இன்னும் இறுக்கும், அப்புறம் பாரமெல்லாம் இதயத்துக்குத்தான். குழாய் விறைக்க விறைக்க, இதயத் துடிப்பு எழுப்பும் நாடி அலை அதில் வேகமாக ஓடும்; பரிசோதனையில் அது வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஓடினால் கவனம் தேவை. வீட்டில் டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. தே தாரேக்கில் (பால் டீயில்) சீனியைக் குறைத்து, சாயங்காலம் தண்ணீர்மலைப் பக்கம் நடக்கச் சொல்லுங்கள். தசைக்கான பயிற்சியை டாக்டரிடம் கேட்டுத் தொடங்கட்டும். மாத்திரையை மட்டும் அவராக நிறுத்த விடாதீர்கள், சிறுநீரகமே போய்விடும்.