உப்பிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. மூன்று வருடமாக இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் நன்றாகப் போகிறது. இந்தியாவின் பல பகுதிகளைப் பற்றிச் சொல்லித்தருவதில்தான் தடுமாறுகிறேன். மாநிலம், தலைநகரம், நடனம், உடை என்று சார்ட் வாங்கி ஒட்டினேன். ஒப்பிக்கிறார்கள், பத்தே நாளில் மறந்துவிடுகிறார்கள். போன வாரம் மகள், "பக்கத்து வீட்டு ஒடிசா அக்கா ஏன் சார்ட்டுல இருக்கற மாதிரி டிரஸ் போடறதில்ல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தாய், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றிவிடுங்கள். மாநிலத்துக்கு ஒரு ஜோடி, அதுவும் கல்யாணக் கோலத்தில். அதையே பார்த்து வளர்கிற பிள்ளைக்கு மற்ற ஊர்க்காரர்கள் சமைப்பதும் துவைப்பதும் வேலைக்குப் போவதும் மனதில் வராது.

என் மகளும் நான்கு வருடம் வீட்டில் படித்தவள். நாங்கள் உப்பிலிருந்து தொடங்கினோம். ஓர் ஆடி மாதம், விடிந்தும் விடியாத நேரத்தில் அவளைத் தூத்துக்குடி உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். பாத்திக்குள் நின்று ஓர் அம்மா வாருபலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். பாதமெல்லாம் வெடிப்பு. "மழை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மகள் கேட்டாள். "ஐப்பசி பொறந்தா இங்க வேலை கிடையாது தாயி. தை வரைக்கும் வேற பொழப்புதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து குஜராத் வரைபடத்தை விரித்தோம். நாட்டின் உப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு அங்கேதான் விளைகிறது. கட்ச் பக்கம் சின்ன ரண் என்ற உவர்ப் பாலை இருக்கிறது. அங்கே அகரியா மக்கள் கிணறு தோண்டி, நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்தி கட்டுகிறார்கள். தென்மேற்குப் பருவமழையில் ரண் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அது வடிந்ததும், நம் ஐப்பசி வாக்கில், குடும்பத்தோடு கிளம்பிப் போய்க் கோடை முடியும்வரை அங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். தூத்துக்குடியில் வேலை நிற்கிற மாதத்தில் அங்கே வேலை ஆரம்பம். "அப்போ அவங்க மழை முடிஞ்ச பிறகுதான் நம்ம மழை வருதா?" என்று மகளே கேட்டாள். வடகிழக்குப் பருவமழை என்ற பெயரை அதற்கப்புறம்தான் சொன்னேன். இன்றுவரை அவள் அதை மறக்கவில்லை.

அதே உப்பு எங்களை 1930-க்கும் கூட்டிப்போனது. ஏப்ரல் 6 அன்று தண்டியில் காந்தி, அதே மாதம் 30 அன்று வேதாரண்யத்தில் ராஜாஜி. இரண்டு கரையிலும் மழை இல்லாத மாதம் அது என்பதையும் அவளேதான் கண்டுபிடித்தாள். ஒரு பொருளுக்கு இரண்டு மாதம் செலவழித்தோம். பள்ளிக்கூடத்தில் அந்த அவகாசம் கிடைக்காது, உங்களிடம் இருக்கிறது. பஞ்சு, தேயிலை, கடுகெண்ணெய் என்று எதிலிருந்தும் நீங்கள் தொடங்கலாம். தலைநகரங்களைத் தேர்வுக்கு முன் இரண்டு வாரத்தில் படித்துக்கொள்ளலாம்.

இனி பக்கத்து வீடு. ஒடிசாவில் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்துச் சாப்பிடுவார்கள், பகாளா என்று பெயர். மார்ச் 20-ஐப் பகாளா நாளாகவே கொண்டாடுகிறார்கள். நம் பழைய சோறுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் வையுங்கள். ஊரைப் பற்றி அவராகப் பேசட்டும். பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வைக்காதீர்கள், அவர் விருந்தாளி. ஊரை விட்டு வந்தவரிடம் துருவித் துருவிக் கேட்பது வலிக்கும்.

கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு வழியாகத்தான் போகிறது. 4,100 கிலோமீட்டருக்கு மேல், ஒன்பது மாநிலங்கள், மூன்று நாளைத் தாண்டும் பயணம். அது நிற்கும் ஊர்களை மகன் ஒரு நீளத் தாளில் வரிசையாக எழுதட்டும். பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போக எந்த ஸ்டேஷனில் இறங்குவார் என்று மகள் அவரிடமே கேட்டு வந்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும்.