மருத்துவர் பதில்கள்: மஞ்சள் பாலும் குர்குமின் மாத்திரையும்

கேள்வி: நிமோனியாவுக்குச் சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இருமல் நிற்கவில்லை. மஞ்சள், மிளகு போட்ட பால் போதுமா, குர்குமின் மாத்திரை வாங்கட்டுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: பால் கொடுங்கள், ஆனால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். எலிகளின் நுரையீரலில் பாக்டீரியா நச்சைச் செலுத்திச் செய்த சோதனைகளில் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் அழற்சியைக் குறைத்தது உண்மை. மனிதருக்கு அது இன்னும் நிரூபணமான சிகிச்சை இல்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும்.

மிளகிலுள்ள பைப்பரின் உறிஞ்சுதலைக் கூட்டும். 1998இல் வெளியான ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது 20 மடங்கு கூடியது. சிக்கலும் அங்கேதான். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் ஆகியவற்றின் அளவையும் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்குக் குர்குமின் மாத்திரையால் ரத்தக்கசிவு வரலாம். (செட்டிநாட்டுக் குழம்பு மிளகுக்குப் பயப்பட வேண்டாம், மாத்திரையைத்தான் சொல்கிறேன்.) அப்பாவின் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

அப்பாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க ஆக்சிமீட்டர் வைக்கும்முன் விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த விரல் தப்பாகக் காட்டும். அளவு 94 சதவீதத்துக்குக் கீழே நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.