குச்சிக்கிழங்கு: மில்லுக்கே போடுவதா, சில்லாகக் காயவைப்பதா?

கேள்வி: இராசிபுரம் பக்கம் இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), ஒன்பது மாதம் ஆகிறது. போன வருசம் 28 பாயிண்ட் மாவு வரும் என்று நம்பினேன், ஜவ்வரிசி மில்லில் 24 என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை நானே சீவிக் காயவைத்து விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: வணக்கம் அண்ணா. முதலில் அந்த நாலு பாயிண்ட்டைப் பார்ப்போம், உங்கள் பணம் போனது அங்கேதான். பேச்சுக்கு டன்னில் ஒரு பாயிண்ட்டுக்கு 400 ரூபாய் என்று வையுங்கள், நாலு பாயிண்ட்டுக்கு டன்னுக்கு 1,600 ரூபாய் குறைகிறது, இரண்டு ஏக்கரில் 20 டன் எடுத்தால் 32,000.

பாயிண்ட் என்பது கிழங்கில் இருக்கும் மாவு. மாவு கூடினால் கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும், அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நல்ல மழை பெய்து செடி புதுக் கொழுந்து விட்டிருக்கும்போது பிடுங்கினால் கிழங்கிலிருந்த மாவு இலைக்குப் போயிருக்கும், பாயிண்ட் இறங்கத்தான் செய்யும். முற்றாமல் பிடுங்கினாலும் அதே கதைதான். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாள் கிடந்தால் உள்ளே நரம்பு நரம்பாகக் கறுத்துவிடும், அதனால் லாரி உறுதியான பிறகே ஆளை இறக்குங்கள். பாயிண்ட் பார்க்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், சாம்பிளை ஒரே மூலையிலிருந்து எடுக்க விடாதீர்கள்.

சரி, கிழங்கைத் தோல் சீவி நறுக்கிக் காயவைக்கிற சில்லு விஷயத்துக்கு வருவோம். ஒரு கிலோ காய்ந்த சில்லுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ பச்சைக் கிழங்கு பிடிக்கும். பச்சை கிலோ 10 ரூபாய்க்குப் போகும்போது சில்லு 30 ரூபாய்க்கு மேல் போனால்தான் முதலே திரும்பும், தோல் சீவும் கூலி, களம், சாக்கு எல்லாம் அதற்கு மேல். தீவனத்துக்கு வாங்குபவர் மக்காச்சோள விலையோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார். அதனால் மொத்தத்தையும் காயவைக்க வேண்டாம் என்பேன். அறுவடை குவிந்து விலை சரியும் நேரத்தில், அல்லது லோடு போகாமல் மாட்டிக்கொண்டால், ஒரு பங்கை மட்டும் சில்லு போடுங்கள். வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும், துவண்டால் பூசணம் பிடிக்கும். மழை மூடும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

சொந்தமாகச் சேகோ (ஜவ்வரிசி) மில் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், தண்ணீரும் கழிவுநீரும் இரண்டு ஏக்கர்காரர் சமாளிக்கிற சமாச்சாரம் இல்லை. (மாவு எடுத்த பிறகு மில்லில் மிஞ்சும் நம் கிழங்கின் திப்பியையே (சக்கையையே) நாம் மாட்டுக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம், அது தனி வயிற்றெரிச்சல்.)

புரோக்கரிடம் பேசும் முன்னால், சேலம் சேகோசர்வில் (ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம்) 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை அன்று என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மூட்டை விலை ஏறியிருக்கும்போது அவர் கிழங்குக்குக் கிராக்கி இல்லை என்றால், இன்னும் இரண்டு மில்லில் கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள். அப்புறம், என்ன ரகம், கடைசியாக எப்போது தண்ணீர் கட்டினீர்கள் என்று எழுதுங்கள், எந்த வாரம் பிடுங்கலாம் என்று சொல்கிறேன்.