ரெஜிபோமுக்குப் பதிலாக என்ன?

கேள்வி: நெல்லி ரசமும் மாங்காய் ஊறுகாயும் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்துக் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) வைத்துக் கொழும்புக்குப் பார்சல் அனுப்புகிறேன். ரெஜிபோம் தடைதானே, எதற்கு வைக்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். மரநாரில் செய்த பொருள்கள் தாங்குமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: 2017 செப்டெம்பரில் வர்த்தமானி தடுத்தது ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, கோப்பை போன்றவற்றை. பொதிக்குள் வைக்கும் ரெஜிபோம் அதில் அடங்காது. ஆனாலும் கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான்.

மரநார் தாங்கும், பிள்ளை. கஸ்தூரியார் வீதியில் விளக்குக் கண்ணாடி விற்ற கடையொன்றில் 26 வருடம் பொதி கட்டியவன் சொல்கிறேன். உடைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். கை தானாகப் பழகிவிட்டது.

ரெஜிபோமில் 98 சதவீதம் காற்று. காற்றறைகள் அமுங்கி அடியை வாங்கிக்கொள்கின்றன. மரநாரைத் தண்ணீரில் கலக்கி நுரைக்க வைத்து, காயவிட்டு, அதே வித்தையைச் செய்ய ஸ்டோரா என்ஸோ போன்ற வடக்கு ஐரோப்பிய ஆலைக்காரர்கள் முனைந்திருக்கிறார்கள். அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். முட்டைத் தட்டு இருக்கிறதே! ஊறவைத்த பழைய தாள்கூழை வலை அச்சில் உறிஞ்சிக் காயவைத்தது அது. அதுவும் மரநார்தான். அதன் மேடுகள் மடிந்துகொடுத்துப் போத்தலைக் காக்கும். மடிந்தது மடிந்ததுதான், நிமிராது. ஆகவே ஒரு பயணத்துக்கு ஒரு தட்டு. மிச்சம் பிடிக்க நினைத்தால் போத்தலில் இழப்பீர்கள்.

போத்தலும் போத்தலும் முட்டக்கூடாது. நடுவே காட்போட் தடுப்பு வையுங்கள், அதன் நெளிகள் நிமிர்ந்து நிற்கும்படி. படுத்த நெளி பாரம் தாங்காது. பெட்டிச் சுவருக்கும் போத்தலுக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, தட்டுத் துண்டுகளாலோ தச்சுப் பட்டறை மரச்சீவலாலோ இறுக்கி நிரப்புங்கள். சீவல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் அவிழ்த்துக் கட்டுங்கள்.

விற்கும் சரக்கை அனுப்புமுன் தண்ணீர் நிரப்பிய போத்தல்களுடன் ஒரு பெட்டியை இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் ஒருமுறை, விளிம்பு ஒருமுறை, மூலை ஒருமுறை. மூலைதான் எமன்.

மரநாரின் உண்மையான பகை ஈரம். கார்த்திகை மழையில் பார்சல் கந்தோரின் ஈரத்தரையில் ஒரு இரவு கிடந்தால் தட்டு தளர்ந்துவிடும். பெட்டியின் அடியில் மட்டும் மெழுகுத்தாள் விரியுங்கள். ஒரு நன்மையும் உண்டு: போத்தல் கொஞ்சம் கசிந்தாலும் தாள்கூழ் குடித்துவிடும், பக்கத்துப் பொதியிலுள்ள சேலை தப்பும்.

கேள்வி: அவுஸ்திரேலியாவிலுள்ள தம்பிக்குக் கண்ணாடிச் சாமான் அனுப்ப வைக்கோல் சுற்றலாமா?
– வாசகர், நல்லூர்

பதில்: வேண்டாம். வைக்கோலை அங்கே எல்லையிலேயே மறித்துவிடுவார்கள். கசக்கிய வெற்றுத்தாள் போதும், ஆனால் கஞ்சத்தனம் பார்க்காமல் திணியுங்கள்.