வழிகாட்டி இன்றி, புதிர் விளையாட்டாக மட்டக்களப்பைச் சுற்றிப் பார்க்க இயலுமா?

நண்பர்கள் நால்வர் தாமாகவே புதிர்களை அவிழ்த்தபடி மட்டக்களப்பு நகரைச் சுற்றிப் பார்க்க இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக இயலும். இவ்விளையாட்டில் ஒவ்வொரு புதிரின் விடையையும் அந்தந்த இடத்தில் நின்று, கண்ணால் பார்த்தே கண்டறிய வேண்டும். அவ்விடையே அடுத்த இடத்தைக் காட்டும். கைபேசியில் தேடி எடுக்கக்கூடிய விடையென்றால், திண்ணையில் இருந்தபடியே ஆட்டம் முடிந்துவிடும்.

புளியந்தீவுக் கோட்டையில் தொடங்குங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டையைச் சுற்றி நடந்து, கொத்தளங்களின் எண்ணிக்கையை வாவி தொடும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லலாம். நான்கை இரண்டால் வகுத்தால் வரும் இரண்டு, கல்லடியில் அருகருகே நிற்கும் இரு பாலங்களைச் சுட்டும். எது மூத்தது என்பதே அடுத்த புதிர். இரும்புச் சட்டங்களைப் பார்த்தால் 1924ஆம் ஆண்டுப் பாலம் எதுவென்று சிறுவருக்கும் புரிந்துவிடும்.

நண்பகல் வெயிலில் பாலத்தில் நிற்பது தண்டனைதான். ஆகவே காலை ஏழு மணிக்கே புறப்படுங்கள். மட்டக்களப்பு வாவியில் இரவில் இசைபோல் ஒலியெழுப்புவதாகச் சொல்லப்படும் பாடும் மீனை மட்டும் பகல் ஆட்டத்தில் சேர்க்காதீர்கள். அதற்குப் பூரணை இரவில் தோணியேறி, துடுப்பின் ஒரு முனையை நீருள் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் காத்திருக்க வேண்டும்.