ஒகவாங்கோ டென்ட்டில் தங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் யாருக்கோ பதில் எழுதும்போது, நானும் என் கணவரும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கிற போட்ஸ்வானா போய் ஒகவாங்கோ சதுப்பு நிலத்தில் டென்ட்டில் தங்கிவிட்டு வந்ததை ஒரு வரி சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். பெங்களூருவில் மல்லேஸ்வரம் முதல் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் கடிதமும் மெயிலும். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருப்பதால் சேர்த்துச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் 25வது கல்யாண நாளுக்கு ஆப்பிரிக்கா போக எனக்கு ஆசை. "லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து டென்ட்டில் படுக்கணுமா? மைசூர் பக்கம் கபினி காட்டுக்குப் போனால் போதாதா?" என்கிறார் என் கணவர். அந்த டென்ட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?
(மல்லேஸ்வரம் வாசகி)

பதில்: டென்ட் என்றதும் உங்கள் கணவருக்கு என்.சி.சி. கேம்ப் ஞாபகம் வந்திருக்கும். இது அது இல்லை மேடம். தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கம்பம் நட்டு, அதன்மேல் மரப்பலகை தளம், அதன்மேல் கெட்டியான கான்வாஸ் சுவர், ஜன்னல் இருக்கவேண்டிய இடமெல்லாம் கொசு நுழையாத வலை. உள்ளே நாலு கால் கட்டில், கொசுவலை, எழுதுமேஜை, பின்பக்கம் ஃபிளஷ் டாய்லெட், வெந்நீர் வருகிற ஷவர், போதாததற்கு வெளியே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு குளிக்க இன்னொரு ஷவர். சில முகாம்களில் பாத்டப்கூட உண்டு. கரன்ட் பெரும்பாலும் சூரிய ஒளியில்தான். அதனால் ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் டென்ட்டில் ஓடாது. நான் காப்பிக்கு வெந்நீர் வைக்கலாம் என்று வாட்டர் ஹீட்டர் கம்பி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மேனேஜர் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும்போது தருகிறேன் என்று மரியாதையாக மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆனால் நீங்கள் காசு கொடுப்பது இதற்கெல்லாம் இல்லை. முகாமைச் சுற்றி வேலி கிடையாது. இருட்டிய பிறகு டென்ட்டைவிட்டு நீங்களாக ஒரு அடி நகரக்கூடாது, சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகவும் திரும்பக் கொண்டுவந்து விடவும் டார்ச்சோடு ஒருவர் வருவார். எங்களுக்கு இரண்டாவது ராத்திரி ஒரு சத்தம் கேட்டு விழிப்பு வந்தது. யாரோ பழைய காடாத் துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு கிழி, கொஞ்சம் நிதானம், மறுபடி ஒரு கிழி. தலைமாட்டுக்குப் பின்னாலேயே. நீர்யானை புல் மேய்கிறது என்று புரியவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. என் கணவர் லைட் போடாதே என்று கையாலேயே சொன்னார், அப்புறம் அவரே மூச்சை அடக்கி அடக்கி கடைசியில் இருமிவிட்டார். வெளியே சத்தம் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் சிலை மாதிரி. எவ்வளவு நேரமோ, அப்புறம் மறுபடியும் நிதானமாக ஒரு கிழி. காலையில் பார்த்தால் படிக்குப் பக்கத்தில் பெரிய பெரிய கால் தடம், அதில் தண்ணீர் ஊறி நின்றது.

கபினியில் நல்ல சுவர் வைத்த அறை, இங்கே துணி. இந்த ஒரு விஷயத்தை உங்கள் கணவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் ஆசைப்படுவாரா பயப்படுவாரா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் 25 வருஷமாகத் தெரியும்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? ஏஜென்ட் "ஆல் சீசன் சார்" என்கிறார். எந்த முகாமை எடுப்பது? எல்லா போட்டோவும் ஒரே மாதிரி இருக்கிறது.
(ஜெயநகர் வாசகர், இந்திரா நகர் வாசகி, இன்னும் ஏழு பேர்)

பதில்: இதுதான் கேட்கவேண்டிய கேள்வி. டென்ட்டைப் பார்த்து எடுக்காதீர்கள், தண்ணீரைப் பார்த்து எடுங்கள். கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன்.

ஒகவாங்கோவில் வந்து நிற்கிற தண்ணீர் அங்கே பெய்த மழை இல்லை. வடக்கே அங்கோலா நாட்டு மேட்டு நிலத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்கிற மழை, குபாங்கோ, குய்டோ என்று இரண்டு ஆறுகளாக இறங்கிச் சேர்ந்து போட்ஸ்வானாவுக்குள் வருகிறது. குடகில் பெய்தால் கே.ஆர்.எஸ். அணை நிரம்புகிற கதைதான், ஆனால் நமக்கு நாள் கணக்கு, அங்கே மாதக் கணக்கு. நிலம் கிட்டத்தட்ட தோசைக்கல் மாதிரி சமதளம், தண்ணீர் கோரைக்கும் நாணலுக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்துதான் வரும். தெற்கே இருக்கிற மவுன் ஊர்ப்பக்கம் அது வந்து சேர ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிவிடும். அப்போது போட்ஸ்வானாவில் ஒரு சொட்டு மழை இருக்காது. வானம் காய்ந்து கிடக்கும்போது நிலத்தில் வெள்ளம். கபினியில் மழை இல்லாத கோடையில் அணைத் தண்ணீர் இறங்கும், இங்கே மழை இல்லாத மாதங்களில்தான் தண்ணீர் ஏறும். இந்த ஆறு கடலுக்கும் போவதில்லை. கலஹாரி மணலுக்குள் விரிந்து, பெரும்பகுதி வெயிலும் செடிகொடியும் குடித்தே தீர்ந்துபோகிறது. 2014ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000வது இடமாக இதைத்தான் சேர்த்தார்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? முகாம்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று தண்ணீர் முகாம், மொகோரோ என்கிற ஓடத்திலும் மோட்டார் படகிலும் சுற்றுவது. இன்னொன்று தரை முகாம், திறந்த ஜீப்பில் சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் தேடிப் போவது. வெள்ளம் வந்தால் ஒரே முகாமே தரையிலிருந்து தண்ணீருக்கு ஜாதி மாறிவிடும். ஏஜென்ட் காட்டுகிற போட்டோ ஜூலையில் எடுத்தது, நீங்கள் போவது அக்டோபர் கடைசி என்றால், போட்டோவில் ஓடம் மிதந்த இடத்தில் வெடித்த சேறு இருக்கலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் முகாமுக்கே மெயில் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாங்கள் வருகிற வாரத்தில் உங்கள் டென்ட்டுக்கு முன்னால் தண்ணீர் இருக்குமா, மொகோரோ ஓடுமா? இதற்கு நேராகப் பதில் சொல்லாத முகாமை விட்டுவிடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை தண்ணீர் அதிகம், கூட்டம் அதிகம், விலையும் அதிகம். ராத்திரியும் விடிகாலையும் குளிர் எலும்பில் ஏறும், பெங்களூரு டிசம்பருக்கு வைத்திருக்கும் ஸ்வெட்டர் போதாது. படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போவார்கள், நான் முதல் நாள் ஏதோ பிராணி என்று அலறினேன். செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் வற்றி, மிச்சமிருக்கிற இடங்களில் மிருகங்கள் கூடும், பார்ப்பதற்கு அதுதான் நல்ல காலம், ஆனால் அக்டோபர் வெயில் 40 டிகிரியைத் தொடும், அதையும் டென்ட்டுக்குள் இருந்து அனுபவிக்கவேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை உள்ளூர் மழை, விலை கணிசமாகக் குறையும், பறவைப் பைத்தியங்களுக்குக் கொண்டாட்டம்.

என்னைக் கேட்டால் ஜூலை, இரண்டு ராத்திரி தண்ணீர் முகாம், இரண்டு ராத்திரி தரை முகாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் தண்ணீர். சிங்கம் வேறு எங்கேயும் கிடைக்கும். மொகோரோ என்பது ஒரு ஆள் பின்னால் நின்றுகொண்டு கழி ஊன்றித் தள்ளுகிற ஒல்லி ஓடம். முன்பெல்லாம் பெரிய மரத்தைக் குடைந்து செய்தார்கள், இப்போது மரங்களைக் காப்பாற்ற பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். உட்கார்ந்தால் தண்ணீர் மட்டம் உங்கள் இடுப்புக்கு வந்துவிடும். அல்லி இலைகளின் நடுவில் சர்ரென்று அதன் அடி உரசுகிற சத்தம் தவிர ஒன்றும் கிடையாது. எங்கள் ஓடக்காரர் திடீரென்று நிறுத்தி, ஒரு நாணல் தண்டைக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்த பிறகுதான், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை, தண்டைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் கோலம் போட்ட மாதிரி. அன்றைக்கு யானையும் பார்த்தோம், ஆனால் ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொன்னது தவளையைத்தான்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். அங்கே பல தீவுகளுக்கு ஆரம்பம் ஒரு கரையான் புற்றுதான். வெள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புற்றில் பறவை எச்சத்தில் விதை விழுந்து மரம் முளைக்கும், மண் சேரும், தீவு பெருகும். மரங்கள் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு தீவின் நடுவே தங்கிப்போய், ஓரமெல்லாம் பச்சை, நடுவில் வெள்ளைப் பொட்டல். சிறு விமானத்திலிருந்து பார்த்தால் தலை நடுவே வழுக்கை விழுந்த மாதிரி தெரியும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினியா?
(பசவனகுடி வாசகர்)

பதில்: இல்லை சார். முன்பே எழுதிச் சொல்லிவிடவேண்டும், அங்கே போய் இறங்கிச் சொன்னால் ஆகாது. காய்கறியெல்லாம் வெளியிலிருந்து லாரியிலோ விமானத்திலோ வரவேண்டிய இடம். முட்டை சாப்பிடுவீர்களா, மீன் சாஸ் கூடாது, சூப்பில் இறைச்சித் தண்ணீர் கூடாது என்று பிரித்துப் பிரித்து எழுதுங்கள், வெறும் "வெஜ்" என்று எழுதினால் மீன் வந்து நிற்கும். எங்கள் முகாமில் பருப்பும் சோறும் மூன்றாவது நாள் கேட்காமலே வந்தது. பருப்புப் பொடி ஒரு பாட்டில் கொண்டுபோங்கள், சமையல்காரரே ஆர்வமாக ருசி பார்ப்பார்.

கேள்வி: இவ்வளவு காசு வாங்குவது பகல் கொள்ளை இல்லையா?
(கோரமங்களா வாசகர்)

பதில்: விலை உறைக்கத்தான் செய்கிறது. ஒருவருக்கு ஒரு ராத்திரிக்கு 1000 டாலருக்கு மேல் என்பது சீசனில் சாதாரணம், பெயர் பெற்ற முகாம்களில் 2000ஐயும் தாண்டும். சாப்பாடு, சவாரி, துணி துவைப்பது பெரும்பாலும் அதில் அடக்கம். போட்ஸ்வானா தெரிந்தேதான் இப்படி வைத்திருக்கிறது: ஆட்கள் குறைவு, ஆளுக்கு வரவு அதிகம். ஒரு சிங்கத்தைச் சுற்றி முப்பது ஜீப் நிற்காததற்கான விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொள்கை உங்களுக்கு நியாயமாகப் படவில்லை என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன், எனக்கும் பாதி நாள் அப்படித்தான் தோன்றுகிறது. பணம் குறைவு என்றால் மவுனில் சாதாரண லாட்ஜில் தங்கிக்கொண்டு, உள்ளூர்க்காரர்கள் ஓட்டுகிற மொகோரோவில் ஒரு நாள் போய் வரலாம். மொரேமி சரணாலயத்தில் கூடாரம் அடித்துத் தங்கவும் இடம் இருக்கிறது. 1963ல் அந்த வட்டாரத்து பட்டவானா மக்கள் தாங்களே ஒதுக்கிய காடு அது. அங்கே பாதையைவிட்டு வண்டி இறக்கக்கூடாது, ராத்திரி சவாரியும் கிடையாது. தனியார் குத்தகைக் காடுகளில் இரண்டும் உண்டு, விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: லக்கேஜ், ஊசி, மருந்து பற்றிச் சொல்லுங்கள்.
(பலர்)

பதில்: மவுனிலிருந்து முகாமுக்குக் குட்டி விமானம். கைப்பையும் சேர்த்து 20 கிலோ, சிலதில் 15 கிலோதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடவே கூடாது, விமானத்தின் வயிற்றில் திணிக்க வளைந்துகொடுக்கிற பைதான் வேண்டும். எங்கள் டிராவல் ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை. டிராலியை மவுனில் விட்டுவிட்டு, முறுக்கு வைத்திருந்த புடவைக்கடைக் கட்டைப்பையில் துணியைத் திணித்துக்கொண்டு ஏறினேன், பைலட் அதைத்தான் ரொம்பப் பாராட்டினார். இறங்குகிற இடம் மண் தடம். வரிக்குதிரை நிற்கிறதா என்று முதலில் ஜீப்பில் ஓட்டிப் பார்த்து விரட்டிவிடுவார்கள்.

மலேரியா உண்டு, மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே தொடங்கவேண்டும், டாக்டரைப் பாருங்கள். எத்தியோப்பியா, கென்யா வழியாக விமானம் மாறிப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள், போகும்போது மட்டும் இல்லை, திரும்பி வரும்போது நம் ஊரிலும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள், 60 வயது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளவே வேண்டாம். காட்டிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரும் செலவுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ராணுவப் புள்ளி போட்ட பேன்ட், தொப்பி வேண்டாம்.

கேள்வி: ஐந்து வயதுப் பையனைக் கூட்டிப்போகலாமா?
(எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகி)

பதில்: பல முகாம்களில் 6 வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை, சிலவற்றில் 12. பாட்டி வீட்டில் விடுங்கள், இல்லையென்றால் ஏழு வருஷம் பொறுங்கள்.

கேள்வி: அங்குள்ளவர்களோடு எப்படிப் பழகுவது? டிப்ஸ் கொடுக்கணுமா?
(அல்சூர் வாசகி)

பதில்: கொடுக்கவேண்டும். வழிகாட்டிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 டாலராவது கணக்கு வைத்து, கடைசி நாள் உறையில் போட்டுக் கையில் கொடுப்பது வழக்கம், மற்ற ஊழியர்களுக்குப் பொதுப்பெட்டி இருக்கும். டாலரும் செல்லும், அவர்கள் பணமான புலாவும் செல்லும். புலா என்றால் செட்ஸ்வானா மொழியில் மழை. பணத்துக்கே மழை என்று பெயர் வைத்த நாடு, குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்காதீர்கள்.

துணி துவைக்கப் போடும்போது உள்ளாடையைச் சேர்க்காதீர்கள். அடுத்தவர் உள்ளாடையைத் தொடுவது அங்கே முறையில்லை, அதற்கென்று டென்ட்டில் தனியாக சோப்புத்தூள் வைத்திருப்பார்கள். அப்புறம், எந்தப் பேச்சுக்கும் முன்னால் வணக்கம் சொல்லிவிடவேண்டும், நேராகக் காப்பி இருக்கிறதா என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கும். ஆண்களிடம் "துமேலா ரா", பெண்களிடம் "துமேலா ம்மா". இரண்டாவதை நான் முதல் நாளே சுத்தமாகச் சொன்னதைப் பார்த்து, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று சமையலறைப் பெண்கள் கேட்டார்கள். எங்கள் தெருவில் காய் விற்கிறவரும் அப்படித்தான் கூப்பிடுவார் என்றேன்.