வயிற்றுப் புற்றுநோய்: கொரியாவில் பிழைப்பவர்கள் அதிகம், இங்கே ஏன் குறைவு?

ஒரே நோய்தானே, நாட்டுக்கு நாடு பிழைப்பது ஏன் இவ்வளவு மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் காரணம் மருந்து இல்லை, நோயைக் கண்டுபிடிக்கும் நேரம்.

2010-14இல் நோய் தெரிந்தவர்களில் 5 ஆண்டு தாண்டியவர்கள் கொரியாவில் சுமார் 69%, ஜப்பானில் 60%. இந்தியாவில் 10%கூட இல்லை. கொரியாவில் 40 வயதானால் 2 ஆண்டுக்கு ஒருமுறை அரசுத் திட்டத்திலேயே வயிற்றுச் சோதனை. கட்டி உள்தோலில் இருக்கும்போதே சிக்கினால், பலருக்கு எண்டோஸ்கோப்பிக் குழாய் (வாய்வழியாக வயிற்றுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம்.

கோத்தகிரியில் என் பெரியப்பா தேயிலைக்குக் கவாத்து வெட்டுபவர். நெஞ்செரிச்சல் என்று ஒரு வருடம் இளஞ்சிவப்பு அசிடிட்டி மருந்தையே குடித்தார். பெல்ட்டில் ஆணியால் மூன்றாவது ஓட்டை போட்ட பிறகுதான் கோவைக்குப் பஸ் ஏறினோம். கல்லீரல்வரை பரவியிருந்தது.

கொரியாவிலும் ஜப்பானிலும் இந்த நோய் வருவதும் அதிகம், அதனால் எல்லோருக்கும் சோதனை செய்கிறார்கள். இங்கே அது தேவையில்லை. ஆனால் எடை குறைகிறது, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றால், "சரி, பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள்.